பட்டுக்கோட்டையார் பாட்டில் கிராமம் எந்த இடத்தில் இருக்கிறது?

நூலக வாசகன்:

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் பகுதிக் கிளை நூலகத்தில் மாதம் ஒருமுறை வாசகர் வட்டம் கூடும். அடுத்த கூட்டத்தில் மக்கள் கவிஞர் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் பற்றி அரை மணி நேரம் பேசுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். நான் சென்னையிலேயே பிறந்து வளர்ந்தவன். அவர் பாட்டுகள் அப்பாவின் டேப் ரெக்கார்டர் வழியாக வந்து மனதில் ஒட்டிக்கொண்டவை.

விவரங்களைச் சேர்த்துவிட்டேன். 1930 ஏப்ரல் 13ல் பட்டுக்கோட்டை பக்கம் செங்கப்படுத்தான்காட்டில் பிறப்பு. விவசாயக் குடும்பம். பள்ளிப் படிப்பு சொற்பம். உழவு, மாட்டு வியாபாரம், மாம்பழ வியாபாரம், உப்பளம், மீன் நண்டு பிடிப்பது என்று 17 விதமான தொழில் பார்த்தவர் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். அப்புறம் விவசாய சங்கம், பாரதிதாசனோடு கொஞ்ச காலம், நாடகம், சினிமா. 1959 அக்டோபர் 8ல், 29 வயதில் மரணம்.

சிக்கல் இதற்கு மேல்தான். படித்த கட்டுரை எல்லாவற்றிலும் 'மண் வாசனை' என்ற சொல் இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுகிறார்கள். தஞ்சாவூர் கிராமங்களில் பிறந்து, பல தொழில் பார்த்து, கஷ்டப்பட்டவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்திருப்பார்கள். அவர்கள் எல்லாரும் பாட்டு எழுதவில்லையே? கிராமம் இவருக்கு எதைக் கொடுத்தது? பாட்டில் எந்த வரியில், எந்த இடத்தில் அது தெரிகிறது? விரல் வைத்துக் காட்டுகிற மாதிரி எனக்கு வேண்டும்.

இன்னொரு சந்தேகமும் உண்டு. நாம் எல்லாரும் பாடுகிற பாட்டுகளை அவர் கடைசி நாலைந்து வருடத்தில், சினிமாவுக்காக எழுதினார். நகரத்தில் உட்கார்ந்து, யாரோ சொன்ன கதைக்கு எழுதியதை எப்படிக் கிராமத்துக் கணக்கில் வைப்பது?

அந்தப் பக்கத்துக்காரர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.


ஆர்மோனியம்:

நான் அந்தப் பக்கத்துக்காரன் இல்லை. ஆனால் வருடக்கணக்கில் நாடக மேடைக்கு ஆர்மோனியம் வாசித்தவன். அதனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: கிராமம், சினிமா என்று இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு நடுவில் இருக்கிற நாடகத்தை விட்டுவிடாதீர்கள்.

அவர் சக்தி நாடக சபாவில் நடிகராக இருந்தவர். 1954ல் திண்டுக்கல்லில் விவசாயிகள் மாநாட்டில் போட்ட 'கண்ணின் மணிகள்' நாடகத்துக்குப் பாட்டு எழுதியவர். நாடகப் பாட்டு என்றால் என்ன என்பதை யோசித்துப் பாருங்கள். கொட்டகையில் கடைசியில் மண்தரையில் உட்கார்ந்திருப்பவருக்கு முதல் தடவையிலேயே சொல் காதில் விழ வேண்டும். புரியவில்லை என்று திரும்ப ஓட்டிக் கேட்க முடியாது. அதனால் சொல் சின்னதாக இருக்கும், முதல் வரியே விஷயத்துக்கு வந்துவிடும், எதுகையும் இயைபும் அடுத்த சொல்லைக் கேட்பவர் வாயிலேயே எடுத்துக் கொடுக்கும். இவருடைய பாட்டுகளில் இது மூன்றும் உண்டு.

சினிமாவில் அவர் முதலில் எழுதியது 'படித்த பெண்' படத்துக்கு. ஆனால் ஊர் திரும்பிப் பார்த்தது 1956ல் வந்த 'பாசவலை'க்கு அப்புறம்தான். மாடர்ன் தியேட்டர்ஸ் படம், விஸ்வநாதன் ராமமூர்த்தி இசை. புது ஆள் என்று முதலில் தயங்கியதையும், வரிகளைப் பார்த்ததும் மனம் மாறியதையும் விஸ்வநாதனே பின்னாளில் சொல்லியிருக்கிறார். இசையமைப்பாளர் ஒருவர் வெறும் தாளைப் பார்த்து மனம் மாறுகிறார் என்றால் அந்தத் தாளிலேயே தாளம் இருந்திருக்க வேண்டும். அது மேடையில் பழகியது. என் கணக்கில் பாதி கிராமம், பாதி கொட்டகை.


கடைமடைக்காரி:

தம்பி, உங்கள் கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. பட்டுக்கோட்டைக்கும் பேராவூரணிக்கும் நடுவில் எனக்கு ஊர். சத்துணவுக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். என் அம்மா நடவில் முன்பாட்டுக்காரி. நானும் கவிதை எழுதுகிறேன், அதனால் இது எனக்கும் சொந்தக் கேள்வி. நீளமாகப் போகும், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் தண்ணீர். தஞ்சாவூர் என்றதும் வெளியூர்க்காரர்கள் காவிரிக் கரையை நினைப்பார்கள். திருவையாறு, கும்பகோணம், பெரிய கோபுரங்கள், நாதஸ்வரம், கச்சேரி. அது சோழர் காலத்திலிருந்து நெல் விளைந்த பூமி. பட்டுக்கோட்டைப் பக்கம் அப்படிக் கிடையாது. மேட்டு நிலம். ஏரியும் குளமும் மழையை நம்பிக் கிடந்தவை. 1934ல் மேட்டூர் அணையை முடித்தார்கள். அந்தத் திட்டத்தோடு சேர்த்து வெட்டியதுதான் கல்லணைக் கால்வாய். எங்கள் ஊரில் அதற்கு இன்றைக்கும் புது ஆறு என்றுதான் பெயர். அப்போது கல்யாணசுந்தரத்துக்கு 4 வயது.

அதாவது, அவர் விவரம் தெரிந்து பார்த்தது காலம் காலமாக ஒரே மாதிரி கிடந்த கிராமத்தை இல்லை. கரம்பு வயலாகிக்கொண்டிருந்த கிராமம் அது. மேட்டை வெட்டிப் பள்ளத்தில் கொட்டினார்கள், வரப்பு போட்டார்கள், வாய்க்கால் இழுத்தார்கள். 'சும்மா கிடந்த நிலத்தைக் கொத்தி' என்று நாடோடி மன்னனில் எழுதினாரே, அது எங்கள் தாத்தா தலைமுறை முதுகு ஒடியச் செய்த வேலை. சினிமாவுக்காக யோசித்து உண்டாக்கியது என்று என்னால் நினைக்க முடியவில்லை.

அதிலும் நாங்கள் கடைமடை. தலைமடைக்காரர் பாய்ச்சியது போக மிச்சம் வந்தால்தான் எங்களுக்கு. முறைத் தண்ணீர் இரவில் வரும். யார் மதகை யார் அடைத்தது என்று மண்வெட்டியோடு நிற்பார்கள். யாருக்கு எவ்வளவு, அதை யார் முடிவு செய்கிறார்கள் என்ற கேள்வி இல்லாமல் அங்கே ஒரு போகம் வீடு வந்து சேராது. 'உனக்கெது சொந்தம் எனக்கெது சொந்தம்' என்று பாசவலையில் ஆரம்பிக்கிறாரே, அது ஏதோ தத்துவப் பாட்டு என்று எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அதில் வாய்க்கால் பஞ்சாயத்து கேட்கும். பங்கு கேட்கிற புத்தி கம்யூனிஸ்ட் கட்சிக்குப் போய்த்தான் வந்தது என்று எழுதுகிறவர்கள் எங்கள் பக்கம் ஒரு இரவு வந்து மதகுக்குப் பக்கத்தில் நின்றால் தெரியும்.

இரண்டாவது, நீங்கள் விரல் வைத்துக் காட்டச் சொன்ன இடம். நடவுப் பாட்டு எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். சேற்றில் வரிசையாகக் குனிந்து நிற்போம். இடது கையில் நாற்று முடி, வலது கை பிரித்துப் பிரித்து ஊன்றும். நட நடப் பின்னால் நகர்வோம். முன்பாட்டுக்காரி ஒரு அடி போடுவாள், மற்றவர்கள் அதை வாங்கித் திருப்பிப் பாடுவார்கள். குனிந்த முதுகோடு பாடினால் மூச்சு நாலு சொல்லுக்குத்தான் வரும், அஞ்சாவது சொல்லுக்கு இழுக்காது. அதனால் அடி குட்டையாக இருக்கும். திருப்பிப் பாடுகிறவர்கள் உடனே பிடித்துக்கொள்ள வேண்டும், அதனால் சொல் தெரிந்த சொல்லாக இருக்கும். ஆர்மோனியம் ஐயா சொன்ன மூன்று குணமும் கொட்டகைக்கு முந்தியே சேற்றில் இருந்தது. மேடை அதைச் சாணை பிடித்தது என்று வேண்டுமானால் சொல்லலாம், அதில் எனக்கு மறுப்பு இல்லை.

ஆனால் அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. நடவுப் பாட்டு எப்போதும் யாரையாவது பார்த்துப் பேசும். நாற்று சுமந்து வருகிற அண்ணனை, வரப்பில் போகிற கொழுந்தனை, பக்கத்தில் நிற்கிற நாத்தனாரை. குடை பிடித்துக்கொண்டு நிலத்துக்காரர் நிற்பார், அவரிடம் நேராகச் சொல்ல முடியாது. அப்போது கொக்கிடம் சொல்வார்கள். "வெள்ளை வெளேர்னு நிக்கிறியே, உனக்குச் சேறு படாதா" என்று என் அம்மா கொக்கைக் கேட்பாள். அந்தக் கொக்கு யார் என்று வயலில் எல்லாருக்கும் தெரியும். நிலத்துக்காரருக்கும் தெரியும். ஆனால் கோபப்பட வழி இல்லை, அவள் கொக்கைத்தானே கேட்டாள்.

இப்போது அவர் பாட்டுகளை வரிசையாக நினைத்துப் பாருங்கள். சின்ன வயதில் குளக்கரையில் உட்கார்ந்து கட்டியதாகச் சொல்லும் முதல் பாட்டு கெண்டைக் குஞ்சிடம் பேசுகிறது. கரைக்கு வராதே, தூண்டில்காரன் வருகிற நேரம் என்று மீனுக்கு எச்சரிக்கை. 'தூங்காதே தம்பி தூங்காதே' தம்பியிடம். 'சின்னப்பயலே' ஒரு பையனிடம். 'திருடாதே பாப்பா திருடாதே' குழந்தையிடம். 'காடு வெளஞ்சென்ன மச்சான்' மச்சானிடம், மச்சான் பதிலும் சொல்கிறான். எதிரே ஆள் இல்லாமல் தனக்குத் தானே வானத்தைப் பார்த்துப் பாடுகிற பாட்டு அவரிடம் குறைவு. காதல் பாட்டுகளில் உண்டு, அதைத் தனியாக வையுங்கள். மற்றபடி எதிரே ஒருவர் நிற்கிறார், அவர் உறவுக்காரர், அவருக்கு ஒரு செய்தி இருக்கிறது. கிராமம் அவருக்குக் கொடுத்தது இதைத்தான் என்பது என் எண்ணம். வரப்பும் நெல்லும் கொக்கும் பாட்டுக்குள் வருவதைக் கிராமம் என்று எடுத்துக்காட்டுகிறார்கள். வரப்பையே பார்க்காதவர்கூட அதையெல்லாம் எழுதிவிடலாம். முறை வைத்துக் கூப்பிட்டு, முகத்தைப் பார்த்து, புத்தி சொன்னாலும் கேட்பவருக்கு உறுத்தாமல் சொல்வது அப்படி வராது. ஊரில் பெரியவர்கள் பேச்சைக் கேட்டு வளர்ந்திருக்க வேண்டும்.

உங்கள் இரண்டாவது சந்தேகத்துக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. நகரத்துக்குப் போனதும் எதிரே நிற்கிற ஆள் மாறினார், பேசுகிற விதம் மாறவில்லை. 1960ல் வந்த 'இரும்புத்திரை'யில் 'கையில வாங்கினேன் பையில போடல' கேளுங்கள். ஊரில் கூலி நெல்லாக வரும், மரக்காலில் அளந்து போடுவார்கள், முந்தானையில் வாங்கிக்கொண்டு வந்தால் அன்றைக்கே குத்திப் பொங்கிவிடலாம். ஆலையில் சம்பளம் காசாக வருகிறது, வந்த காசு எங்கே போனது என்று தெரியவில்லை. நெல்லுக் கூலியிலிருந்து காசுக் கூலிக்கு வந்த முதல் தலைமுறையின் திகைப்பு அது. எங்கள் பக்கத்திலிருந்து மலாயாவுக்கும் சென்னைக்கும் கோயம்புத்தூர் ஆலைகளுக்கும் போனவர்கள் வீட்டிலெல்லாம் அந்தத் திகைப்பு இருந்தது. கிராமத்துக்காரன் மட்டுமே அதை அவ்வளவு சரியாகப் பிடிக்க முடியும்.


நூலக வாசகன்:

அக்கா, ரொம்ப நன்றி. 'எதிரே ஒரு ஆள்' என்பதை வைத்துக்கொண்டு இரவு முழுக்க பாட்டுகளைத் திரும்பக் கேட்டேன். 'செய்யும் தொழிலே தெய்வம்' மாதிரி சிலது பொதுவில் சொல்வதாக ஆரம்பிக்கிறது. ஆனால் பெரும்பாலும் நீங்கள் சொல்வது நிற்கிறது. 'மச்சான்' பாட்டில் பெண்தான் கேள்வி கேட்கிறாள், விளைந்தும் நமக்குக் கையும் காலும்தானே மிச்சம் என்கிறாள். ஆண் சமாதானம் சொல்கிறான், காலம் வரும் என்கிறான். கூர்மையான கேள்வி எல்லாம் அவள் பக்கம். இது தற்செயலா?

அப்புறம், 1940களில் அந்தப் பகுதியில் நடந்ததைப் பற்றி எவ்வளவு பேசலாம்? எனக்கு அரசியல் பேசத் தயக்கம் இல்லை, தப்பாகப் பேசிவிடக் கூடாது என்றுதான் பார்க்கிறேன்.


களத்துமேடு:

விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் பல காலம் வேலை செய்தவன் என்ற முறையில் இதற்கு நான் பதில் சொல்கிறேன்.

அரசியலைச் சொல்லாமல் அவரைப் பேசவே முடியாது. கீழ்த்தஞ்சையில் பண்ணையாட்கள் சவுக்கடியும், சாணியைக் கரைத்துக் குடிக்க வைக்கிற சாணிப்பாலும் தண்டனையாக வாங்கிய காலம் அது. பி. சீனிவாசராவ் தலைமையில் 1940களில் செங்கொடிச் சங்கம் ஊர் ஊராகப் போனது. 1948ல் கம்யூனிஸ்ட் கட்சிக்குத் தடை வந்தது, தலைமறைவு, சிறை, துப்பாக்கிச் சூடு எல்லாம் நடந்தது. 1952ல் தஞ்சை பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கல்யாணசுந்தரத்தின் 18லிருந்து 22 வயது வரை இதற்குள்தான் கழிந்தது. அவரும் விவசாய இயக்கத்தில் இருந்தவர், கட்சிப் பத்திரிகையான ஜனசக்தியில் எழுதியவர். அதே பட்டுக்கோட்டையில் சுயமரியாதை இயக்கத்தின் பெரிய பேச்சாளர் அழகிரிசாமியும் இருந்தார். ஒரு இளைஞன் காதில் இரண்டு பக்கமும் விழுந்திருக்கிறது.

ஆனால் ஒன்றைச் சேர்த்துச் சொல்லுங்கள். நடவுப் பாட்டைக் காத்து வைத்திருந்தது யார்? பெரும்பாலும் சேரிப் பெண்கள். அவர்களில் ஒருவர் பெயர்கூட எந்தப் புத்தகத்திலும் இல்லை. கல்யாணசுந்தரம் சொந்த நிலம் உள்ள விவசாயக் குடும்பம். அவருடைய அப்பா அருணாசலனாரே 'முசுகுந்த நாட்டு வழிநடைக் கும்மி' எழுதியவர். வீட்டிலேயே பாட்டும் ஏடும் இருந்தது. அந்தப் பெண்களுக்கு மெட்டு இருந்தது, ஏடு இல்லை. கிராமம் கவிஞனை உண்டாக்கியது என்று பொதுவாகச் சொன்னால் இந்த வித்தியாசம் மறைந்துபோகும். அதை மறைக்காதீர்கள்.


கடைமடைக்காரி:

களத்துமேடு அண்ணன் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. இதை நான் இன்னும் அழுத்திச் சொல்வேன். என் அம்மாவும் எழுதத் தெரியாதவள்தான். சொந்தமாகக் கட்டிய அடிகள் அவளிடம் ஏராளமாக இருந்தன. ஒரு நடவுக்குப் பாடியது அடுத்த நடவுக்கு மாறிவிடும், வயலுக்கு வயல் ஆள் மாறுமே, சொல்ல வேண்டியதும் மாறும். அதில் எனக்கு ஞாபகம் இருப்பது கொஞ்சம். எழுதி வைக்க ஒருவர் இருந்த வீட்டில் பிறந்தவர் கவிஞரானார். எழுதி வைக்க ஆள் இல்லாதவர்கள் முன்பாட்டுக்காரியாகவே இருந்து போனார்கள். இதைச் சொன்னால் கல்யாணசுந்தரத்தின் பெருமை குறையாது. அந்த மெட்டைப் படித்தவர்கள் கூட்டத்துக்கும், பாரதிதாசன் முன்னாலும், கோடம்பாக்கத்துக்கும் தூக்கிக்கொண்டு போக அவர் கூச்சப்படவில்லை. பெரிய பாவலரிடம் போய்ச் சேர்ந்தவர்கள் பலர் அவர் மாதிரியே எழுதப் பழகிவிடுவார்கள். இவர் பாரதிதாசனைத் தலைமேல் வைத்துக் கொண்டாடினார், 1957ல் தன் கல்யாணத்தையே அவர் தலைமையில்தான் நடத்திக்கொண்டார், ஆனால் எழுதும்போது தன் ஊர் வாயைத்தான் நம்பினார். அந்தத் துணிச்சலை நான் மிகப் பெரிதாக நினைக்கிறேன்.

பெண் ஏன் கேள்வி கேட்கிறாள் என்று தம்பி கேட்டதற்கு வருகிறேன். வயலில் முன்பாட்டு எடுப்பது பெண்தான். ஆணுக்கு ஏற்றப் பாட்டு உண்டு, வண்டிக்காரன் பாட்டு உண்டு. ஆனால் கூலி என்ன, ஏன் மரக்கால் தலை தட்டி அளக்கிறாய், மத்தியானக் கஞ்சி ஏன் தண்ணியாக இருக்கிறது என்கிற சங்கதிகள் நடவிலும் களையெடுப்பிலும்தான் பாட்டாகும். உலையில் போட என்ன இருக்கிறது என்பது அவளுக்குத்தானே தெரியும்? அதனால் அந்தப் பாட்டில் கணக்குக் கேட்பது அவள், நம்பிக்கை சொல்வது அவன். நான் அதைத் தற்செயல் என்று எடுத்துக்கொள்ள மாட்டேன்.

கூட்டத்தில் யாராவது கடைசியில் எழுந்து, 'இன்றைக்கு அப்படி ஒரு கவிஞர் வருவாரா' என்று கண்டிப்பாகக் கேட்பார்கள். அதற்கும் ஏதாவது கையில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கம் இப்போது நடவு மெஷின் வந்துவிட்டது. அறுப்புக்கும் மெஷின், களத்துமேட்டில் கதிரடிப்பது கிடையாது. நெல் போய் நிறைய இடத்தில் தென்னையாகிவிட்டது. அந்தத் தென்னையும் 2018 நவம்பர் 16 கஜா புயலில் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தது. மெஷின் சத்தத்தில் யாரும் முன்பாட்டு எடுக்க முடியாது. இதற்காக நான் அழுதுகொண்டிருக்கத் தயாராக இல்லை. என் அம்மாவுக்கு ஐம்பது வயதுக்குள் இடுப்பு நிமிரவில்லை. நடவுப் பாட்டு வாழ வேண்டும் என்பதற்காக இன்னொரு பெண் அப்படிக் குனிய வேண்டாம்.

ஆனால் பெண்கள் சேர்ந்து உட்காருகிற இடம் முழுக்கப் போய்விடவில்லை. நூறு நாள் வேலையில் ஏரிக்கரையில் மண் வெட்டுவார்கள், மரத்தடியில் இளைப்பாறுவார்கள். அங்கே பேச்சு பாட்டாகிறதை நான் கேட்டிருக்கிறேன். மெட்டு சினிமாப் பாட்டு மெட்டு, சொல் அவர்களுடையது, வேலை அட்டையில் கையெழுத்துப் போடுகிறவரைப் பற்றியது. கொக்கு இருந்த இடத்தில் இப்போது அவர் இருக்கிறார்.

நான் எழுதுவதிலும் இதைத்தான் கடைப்பிடிக்கிறேன். புயலுக்கு அப்புறம் நிறையப் பேர் தென்னையைப் பற்றிக் கவிதை எழுதினார்கள், பத்திரிகைகளிலும் வந்தது. பிள்ளை மாதிரி வளர்த்தோம், சாய்ந்துவிட்டது என்று. படிக்கும்போது கண் கலங்கும், அடுத்த நாள் ஒரு வரி நினைவிருக்காது. நான் விழுந்த மரத்தைக் கணக்கெடுக்க வந்தவரிடம் பேசுகிற மாதிரி எழுதினேன். காய்ப்புக்கு வந்த மரம் எது, வராத மரம் எது என்று அவர் கேட்கிறார், வீட்டுக்காரி பதில் சொல்கிறாள். எந்த மரம் எந்தப் பிள்ளையின் பள்ளிக்கூடச் சம்பளம், எது மாமியாரின் மருந்துச் செலவு என்று ஒவ்வொன்றாகக் காட்டுகிறாள். அந்தப் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை, அவரும் பாவம், எழுத இடம் தேடுகிறார். ஊரில் படித்துக் காட்டினேன். பெண்கள் நடு நடுவே 'எங்க வீட்டு மரத்தையும் சேர்த்துக்கோ' என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். சேர்த்துக்கொண்டேன், இப்போது அது என்னுடையது மட்டும் இல்லை. இந்த வழியை எனக்குக் காட்டியது கல்யாணசுந்தரமும் என் அம்மாவும்தான், யார் முதலில் என்று என்னால் பிரிக்க முடியாது.


ஆர்மோனியம்:

அம்மா, உங்கள் பதிலுக்கு அப்புறம் என் பாதிப் பாதிக் கணக்கை நான் வற்புறுத்தவில்லை. ஆனால் தம்பிக்கு மேடைக்காரனாக ஒரு யோசனை. பேச்சு நடுவே பாட்டைப் போடும்போது முழுப் பாட்டையும் போடுங்கள். பல்லவி மட்டும் போட்டு நிறுத்தினால் கேள்வி மட்டும்தான் கேட்கும், பதில் சரணத்தில் இருக்கிறது. வரிகளை அச்சடித்துக் கையில் கொடுக்க வேண்டாம். எல்லாரும் தாளைப் பார்ப்பார்கள், காது மூடிக்கொள்ளும்.


நூலக வாசகன்:

சரி ஐயா, அப்படியே செய்கிறேன். இப்போதைக்கு என் திட்டம் இதுதான்: பிறப்பு இறப்பு விவரத்தை இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுவேன். புது ஆறு வந்த கதையில் ஆரம்பித்து, நடவு எப்படி நடக்கும் என்பதைச் சொல்லி, கெண்டைக் குஞ்சு, மச்சான், இரும்புத்திரை என்று மூன்று இடங்களில் நிற்பேன். களத்துமேடு ஐயா சொன்னதைக் கடைசிக்குத் தள்ளாமல், நடவைப் பற்றிப் பேசும்போதே சொல்லிவிடுவேன்.

அக்கா, ஒரு விண்ணப்பம். உங்கள் அம்மாவின் கொக்குப் பாட்டில் உங்களுக்கு ஞாபகம் இருக்கிற அடிகளை இங்கே எழுத முடியுமா? கூட்டத்தில் அதையும் படிக்க ஆசை.


கடைமடைக்காரி:

எழுதித் தருகிறேன் தம்பி. ஆனால் படிக்க வேண்டாம், பாட வேண்டும். மெட்டு தெரியாமல் படித்தால் அது வெறும் வசவாகத்தான் கேட்கும். என் பேத்தி போனில் பதிவு செய்து அனுப்புவாள், முன்பாட்டை நான் பாடுகிறேன், அவள் திருப்பிப் பாடட்டும். நீங்கள் அதைப் போட்டுவிட்டு, அடுத்த தடவை கூட்டத்தில் இருப்பவர்களையே திருப்பிப் பாடச் சொல்லுங்கள். உங்கள் வட்டத்தில் பெண்கள் எத்தனை பேர் வருவார்கள்? அதைச் சொன்னால் எவ்வளவு உயரத்தில் எடுப்பது என்று பார்த்துக்கொள்வேன்.